தெரியாத பாட்டைப் போட்டே இருபது வருஷம் ஓடின ரேடியோ

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு ஒரு படத்துல இருந்து ஆரம்பிக்கலாம். 1988-ல் வந்த 'ரெயின் மேன்'. டஸ்டின் ஹாஃப்மேன், டாம் க்ரூஸ். சிறந்த படம், சிறந்த நடிகர்னு நாலு ஆஸ்கர் வாங்கின படம். அதுல ஹாஃப்மேன் நடிச்ச ரேமண்ட் என்கிற கதாபாத்திரத்துக்கு ஒரு பழக்கம். காதில் விழுந்த ஒரு வாசகத்தைப் பிடிச்சுக்கிட்டா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருப்பார். அப்படி அவர் விடாம சொல்ற ஒரு வாசகம்: "97எக்ஸ், பேம்! தி ஃப்யூச்சர் ஆஃப் ராக் அண்ட் ரோல்."

நான் முதல் தடவை பார்த்தப்போ இது படத்துக்காக யாரோ எழுதின டயலாக்னு நினைச்சேன். இல்லை. அது நிஜமான ஒரு ரேடியோ ஸ்டேஷனோட அறிமுக வாசகம். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல இருந்து, 97.7 மெகாஹெர்ட்ஸ்ல ஒலிபரப்பான ஸ்டேஷன். அதிகாரப்பூர்வப் பெயர் டபிள்யூஓஎக்ஸ்ஒய். எல்லாரும் கூப்பிட்டது 97எக்ஸ்.

அந்த ஸ்டேஷனை நான் ஒரு நாள்கூட நேரடியா கேட்டதில்லை. அது மொத்தமா நின்னுபோனப்போ நான் ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன். ஆனா ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயரா அதோட கதை என்னை விடவே இல்லை. 'கேட்கிறவங்களுக்குத் தெரியாத பாட்டைப் போட்டு ஒரு ஸ்டேஷனை நடத்த முடியுமா?' என்ற கேள்வியை அவங்க இருபது வருஷம் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அதுவும் மூணு விதமான தொழில்நுட்பச் சூழல்ல. அதுல எது வேலை செஞ்சது, எது செய்யலை, ஏன்? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஆக்ஸ்ஃபோர்டு, ஆனா அந்த ஆக்ஸ்ஃபோர்டு இல்லை

ஊர் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு. இங்கிலாந்து இல்லை, ஒஹாயோ. அங்கே இருக்கிற பல்கலைக்கழகத்தின் பெயர் மயாமி யுனிவர்சிட்டி. ஃப்ளோரிடாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 1809-ல் தொடங்கின பழைய பல்கலைக்கழகம். ஊரே அந்த மாணவர்களைச் சுத்தித்தான் இயங்குது. பக்கத்துப் பெருநகரம் சின்சினாட்டி, ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தள்ளி.

இந்த 55 கிலோமீட்டரை நினைவுல வெச்சுக்கோங்க. கதையோட முதல் பாதியிலயும் கடைசியிலயும் இது வரும்.

அமெரிக்காவுல எஃப்.எம். ஸ்டேஷன்களை வகுப்பு வாரியா பிரிச்சிருக்காங்க. 97எக்ஸ் 'ஏ' வகுப்பு, அதாவது சின்ன ஸ்டேஷன். 1980-களில் அந்த வகுப்புக்கு உச்ச வரம்பு 3,000 வாட். 100 மீட்டர் உயர ஆன்டெனாவுல இருந்து அந்த சக்தியில அனுப்பினா, நம்பகமா சிக்னல் போய்ச் சேர்ற தூரம் சுமார் 24 கிலோமீட்டர். அப்போ சின்சினாட்டி? இழுபறிதான். ஆன்டெனாவைத் திருப்பி, ஜன்னல் பக்கம் ரேடியோவை வெச்சு, மேட்டுல வீடு இருந்தா கேட்கும். பள்ளத்துல இருந்தா இரைச்சல்.

1981-ல் டக் பாலோ, லிண்டா பாலோ என்ற தம்பதி இந்த ஸ்டேஷனை வாங்கினார்கள். 1983-ல் முழுசா 'மாடர்ன் ராக்' பக்கம் திருப்பினார்கள். பின்னாடி உலகம் ஆல்டர்நேட்டிவ் ராக்னு சொன்ன இசைக்கு அன்னைக்கு ரேடியோகாரங்க வெச்சிருந்த பெயர் அது. நாட்டுலயே அந்த ஃபார்மட்டுக்கு வந்த முதல் சில ஸ்டேஷன்கள்ல இதுவும் ஒண்ணு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல கே-ராக், லாங் ஐலண்டில் டபிள்யூஎல்ஐஆர், சான் டியாகோவுல 91எக்ஸ், பாஸ்டன்ல டபிள்யூஎஃப்என்எக்ஸ். கவனிச்சீங்களா? மத்தது எல்லாம் பெருநகரம் அல்லது அதை ஒட்டின பகுதி. சோள வயலுக்கு நடுவுல இருந்து பண்ணது 97எக்ஸ்.

இது ஏன் பெரிய விஷயம்?

"பாட்டுதானே, பிடிச்சதைப் போட வேண்டியதுதானே"ன்னு தோணலாம். இதைப் புரிஞ்சுக்க, ஒரு கமர்ஷியல் ரேடியோ எப்படிப் பாட்டு தேர்ந்தெடுக்குதுன்னு பார்க்கணும்.

ரேடியோ உங்களுக்குப் பாட்டு விக்கலை. உங்க கவனத்தை விளம்பரதாரருக்கு விக்குது. அப்போ எத்தனை பேர் கேட்கிறாங்கன்னு அளக்கணும். அன்னைக்கு அமெரிக்காவுல ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் இதைச் செஞ்சது. எப்படி? வீடுகளுக்கு ஒரு சின்ன டைரி அனுப்புவாங்க. ஒரு வாரம் எந்த ஸ்டேஷனை எப்போ கேட்டீங்கன்னு பேனாவால எழுதி திருப்பி அனுப்பணும். இவ்வளவுதான் டேட்டா. அதுலயும் பாதி, வார கடைசியில உட்கார்ந்து ஞாபகத்துல இருந்து நிரப்புறது. நம்ம டைம்ஷீட் நிரப்புற மாதிரியேதான்.

இப்படி அளந்தா, ஸ்டேஷனோட பயம் ஒண்ணே ஒண்ணு: கேட்கிறவர் வேற ஸ்டேஷனுக்கு மாறிடக் கூடாது. எப்போ மாறுவார்? தெரியாத பாட்டு வரும்போது. அதனால பல ஸ்டேஷன்கள் பாட்டுகளை முன்கூட்டியே சோதிக்க ஆரம்பிச்சாங்க. ஆட்களுக்குப் போன் பண்ணி, ஒரு பாட்டோட ரொம்ப ஈர்ப்பான சில விநாடிகளை மட்டும் போட்டு, "தெரியுமா? பிடிச்சிருக்கா? சலிச்சுப் போச்சா?"ன்னு கேட்பாங்க. அதுல நல்ல மார்க் வாங்கின பாட்டு அடிக்கடி வர்ற வரிசைக்குப் போகும்.

இந்தச் சோதனையோட வடிவத்தைக் கொஞ்சம் யோசிங்க. ஏழெட்டு விநாடி. போன் ஸ்பீக்கர். இதுவரை கேட்டிராத பாட்டு ஒண்ணு இதுல ஜெயிக்குமா? ஜெயிக்கவே முடியாது. பாட்டு மோசம்ங்கிறதால இல்லை. இந்த அளவுகோல் அளக்கிறதே பரிச்சயத்தைத்தான். பரிச்சயம் இல்லாததுக்கு இது எப்பவும் பூஜ்யம்தான் கொடுக்கும். பூஜ்யம் வாங்கினதால ரேடியோவுல வராது. ரேடியோவுல வராததால பரிச்சயம் ஆகாது. மெஷின் லேர்னிங் பண்றவங்களுக்கு இது நல்லாவே தெரியும். நாம 'கோல்ட் ஸ்டார்ட்'னு சொல்ற அதே பிரச்னை. அல்காரிதம் வர்றதுக்கு முன்னாடியே, வெறும் போனும் பேனாவும் வெச்சு இதை உருவாக்கிட்டாங்க.

இன்னொரு தகவல். 1979-லேயே ஆர்சிஎஸ் என்ற நிறுவனம் தொடங்கி, 'செலக்டர்'னு ஒரு மென்பொருள் வந்துடுச்சு. பாட்டுகளை வகை பிரிச்சு, "இதை இத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது" மாதிரி விதிகள் கொடுத்தா, அன்னைய பாட்டு வரிசையை அதுவே போட்டுத் தரும். ரேடியோவை மனுஷன் ஓட்டினான், இப்போதான் கம்ப்யூட்டர் வந்து கெடுத்ததுன்னு ஒரு கதை சொல்வாங்க இல்லையா? அது சரியில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலா கம்ப்யூட்டர் உள்ளேதான் இருக்கு. அதுக்கு என்ன இலக்கு கொடுத்தாங்க என்பதுதான் வித்தியாசம்.

சோதனை எப்படிச் சாத்தியமாச்சு?

1983-ல் ஆர்.இ.எம்., நியூ ஆர்டர், தி க்யூர், டாக்கிங் ஹெட்ஸ் மாதிரியான குழுக்கள் ரெக்கார்டு போட்டுட்டு இருந்தாங்க. கல்லூரி ரேடியோக்கள்ல ஓடினாங்க. ஆனா கமர்ஷியல் எஃப்.எம்.-ல இடம் குறைவு. அதே நேரம் 1981 ஆகஸ்ட்ல எம்டிவி தொடங்கியிருந்தது. ரேடியோவுல வராத புது முகங்கள் டிவியில வர ஆரம்பிச்சாங்க. அப்போ கேட்க ஆள் இருக்காங்க, போடத்தான் ஸ்டேஷன் இல்லைன்னு ஒரு இடைவெளி தெரிஞ்சது.

97எக்ஸ் இதை முயற்சி பண்ண முடிஞ்சதுக்கு மூணு காரணம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

முதலாவது, பக்கத்துலயே மாணவர்கள். புது இசைக்குக் காது கொடுக்கிற வயசு. ஒவ்வொரு வருஷமும் புது பேட்ச் வரும். பழைய பேட்ச் படிச்சு முடிச்சு வேற ஊருக்குப் போய் அங்கே இந்த ஸ்டேஷனைப் பத்திப் பேசும்.

இரண்டாவது, அதோட சின்ன அளவு. 3,000 வாட் வெச்சுக்கிட்டு சின்சினாட்டியோட பெரிய ஸ்டேஷன்களோட ஹிட் பாட்டுப் போட்டியில இறங்கினா தோல்வி உறுதி. அவங்க போடுற அதே பாட்டை இரைச்சலோட யார் கேட்பாங்க? வேற எங்கேயும் கிடைக்காததைப் போட்டா, இரைச்சலைச் சகிச்சுக்கிட்டாவது கேட்பாங்க. நான் முன்னாடி சொன்ன 55 கிலோமீட்டர் அவங்களுக்கு ஒரு குறை. ஆனா அந்தக் குறைதான் அவங்களை வித்தியாசமா யோசிக்க வெச்சது.

மூணாவது, முதலாளி. பங்குச்சந்தைக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனி இல்லை. ஒரு தம்பதி. அவங்க பொறுத்துக்கத் தயாரா இருந்தா போதும்.

வருஷா வருஷம் மே மாசக் கடைசியில, மெமோரியல் டே விடுமுறையை ஒட்டி 'மாடர்ன் ராக் 500'னு ஒரு நிகழ்ச்சி. 500 பாட்டுகளைப் பின்வரிசையில எண்ணிட்டே வந்து, விடுமுறை முடியும்போது முதல் பாட்டுக்கு வருவாங்க. நமக்கு பொங்கல், தீபாவளிக்கு டிவியில டாப் டென் படங்கள் ஓடும்போது வீட்டுல சண்டை வருமே, "இந்தப் படத்துக்கு மூணாவது இடமா?"ன்னு, அந்த மாதிரி. கேட்கிறவங்களை ஒரு கூட்டமா மாத்தறதுக்கு இது ரொம்ப முக்கியம். தனித்தனியா கேட்டவங்களுக்கு, நம்மள மாதிரி இன்னும் ஆயிரம் பேர் இருக்காங்கன்னு தெரியற நாட்கள் அவை.

உலகம் பின்னாடியே வந்தது

1988 செப்டம்பர்ல பில்போர்டு பத்திரிகை 'மாடர்ன் ராக் ட்ராக்ஸ்'னு தனிப் பட்டியல் தொடங்கியது. முதல் வாரம் முதல் இடம், சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் குழுவின் 'பீக்-அ-பூ'. அதே வருஷக் கடைசியில 'ரெயின் மேன்' ரிலீஸ். 1991 செப்டம்பர்ல நிர்வானாவோட 'நெவர்மைண்ட்' ஆல்பம். அதுக்கப்புறம் ஆல்டர்நேட்டிவ்தான் மெயின்ஸ்ட்ரீம். பெயரே முரண்பாடா ஆயிடுச்சு.

இது 97எக்ஸுக்கு வெற்றியா? பாதி. நீங்க பத்து வருஷமா சொல்லிட்டு இருந்தது சரின்னு ஊரே ஒத்துக்கிச்சு. ஆனா இப்போ பெருநகரத்துல பெரிய டவர் வெச்சிருக்கிறவரும் அதே பெயர்ல ஃபார்மட் மாத்துவார். அவர் போடுறது அந்த வகையில ஏற்கெனவே சோதிச்சு ஜெயிச்ச முப்பது நாற்பது பாட்டு. நீங்க தேடிக் கண்டுபிடிச்ச செலவு உங்களோடது, அறுவடை அவரோடது. ஸ்டார்ட்அப்ல வேலை பார்த்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

அடுத்தது ஒரு சட்டம். 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம். அதுக்கு முன்னாடி ஒரே நிறுவனம் நாடு முழுக்க 20 ஏ.எம்., 20 எஃப்.எம்.-க்கு மேல வெச்சிருக்க முடியாது. அந்த தேசிய வரம்பைச் சட்டம் அடியோட எடுத்துடுச்சு. பெரிய நகரங்கள்ல ஒரே நிறுவனம் எட்டு ஸ்டேஷன் வரை வெச்சுக்கலாம்னு ஆச்சு. சில வருஷத்துல க்ளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்துக்கிட்ட சுமார் 1,200 ஸ்டேஷன். பத்து ஊருக்கு ஒரே ஆள் பாட்டுத் தேர்வு செய்யற காலம் வந்தது.

லைசென்ஸ் என்ற நிலம்

2004-ல் பாலோ தம்பதி ஸ்டேஷனை விற்றார்கள். விலை சுமார் 56 லட்சம் டாலர். மே 13 அன்று எஃப்.எம்.-ல 97எக்ஸ் நின்றது.

வாங்கினவங்க எதுக்கு அவ்வளவு கொடுத்தாங்க? பாட்டுக்கா? ஆர்ஜேக்களுக்கா? இல்லை. 97.7 என்ற அலைவரிசைக்கு.

எஃப்.எம். பேண்ட் 88-ல் தொடங்கி 108-ல் முடியுது. அமெரிக்காவுல அதுல மொத்தம் 100 சேனல். அதுக்கு மேல யாராலயும் உருவாக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள் ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்க இடைவெளி வேற விடணும். அதனால பெருநகரத்துல புது லைசென்ஸ் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. ஆனா ஒரு வழி இருக்கு. பெருநகரத்துக்கு வெளியே சின்ன ஊர்ல இருக்கிற லைசென்ஸை வாங்கி, விதிகளுக்குள்ள அதைக் கொஞ்சம் கொஞ்சமா நகரத்துப் பக்கம் நகர்த்துறது. 97.7-க்கும் அதுதான் நடந்தது. சின்சினாட்டிக்குப் பக்கத்துல மேசன் என்ற ஊருக்கு லைசென்ஸ் போயிடுச்சு.

ஓ.எம்.ஆர்-ல ஐ.டி. கம்பெனிகள் வர்றதுக்கு முன்னாடி நிலம் வெச்சிருந்த ஒருத்தரை நினைச்சுக்கோங்க. அதுல அவர் நல்ல நெல்லு விளைவிச்சிருக்கலாம். ஆனா ஒரு நாள் வந்து விலை பேசுறவர் நெல்லைப் பத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நான் பாலோ தம்பதியைக் குறை சொல்லலை. இருபத்து மூணு வருஷம் சொந்தப் பணத்தோட உட்கார்ந்தவங்க அவங்க. யாரா இருந்தாலும் வித்திருப்பாங்க.

இன்னைக்கும் 97.7 ஓடுது. டபிள்யூஓஎக்ஸ்ஒய் என்ற அதே எழுத்துகள்தான். பெயர் 'லா மெகா', மொழி ஸ்பானிஷ். அந்தப் பகுதியில வாழற லத்தீன் அமெரிக்க மக்களுக்கான ஸ்டேஷன். அவங்களுக்கும் ஒரு குரல் வேணும்தானே? அதனால இதை வில்லன் கதையா சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இணையம் காப்பாத்துமா?

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

எஃப்.எம். இருக்கும்போதே அவங்க இணையத்திலும் ஒலிபரப்பிட்டு இருந்தாங்க. படிச்சு முடிச்சு ஊரை விட்டுப் போனவங்க அதுலதான் கேட்டாங்க. எஃப்.எம். நின்ன அதே 2004 கோடையில முதலீட்டாளர்கள் கிடைக்க, ஸ்டேஷன் முழுக்க இணையத்துக்கு மாறிடுச்சு. டவர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், 24 கிலோமீட்டர் எல்லை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து பேசினா டோக்கியோவுல கேட்கும். குழுக்களை ஸ்டூடியோவுக்கே கூப்பிட்டு நேரடியா வாசிக்க வெச்சு 'லவுஞ்ச் ஆக்ட்ஸ்'னு ஒரு வரிசையும் பண்ணாங்க. கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கு இல்லையா?

ஆனா செலவுக் கணக்கு தலைகீழா மாறிடுச்சு. எஃப்.எம்.-ல டவரை ஒரு தடவை நிறுத்திட்டா, பத்து பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கரண்ட் பில் ஒண்ணுதான். புதுசா ஒருத்தர் சேர்ந்தா கூடுதல் செலவு பூஜ்யம். இணையத்துல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி இணைப்பு. 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம் ஒண்ணுன்னா, ஆயிரம் பேருக்கு 128 எம்பிபிஎஸ். 2004-ல் அது சும்மா இல்லை.

பேண்ட்விட்த் விலை வருஷா வருஷம் இறங்கிடும், அதை விடுங்க. பெரிய செலவு வேற. அமெரிக்கச் சட்டப்படி, எஃப்.எம். ஸ்டேஷன் பாட்டை எழுதி இசையமைச்சவங்களுக்கு ராயல்டி கொடுக்கணும். ஆனா பாடினவங்களுக்கும் ரெக்கார்டு கம்பெனிக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அதே பாட்டை இணையத்துல போட்டா ரெண்டும் தரணும். அதுவும் ஒரு பாட்டு, ஒரு ஆள், ஒரு தடவை என்ற கணக்குல.

2007-ல் இதுக்கான வாரியம் அறிவிச்ச பொதுக் கட்டணம் இப்படி இருந்தது: 2006-க்கு ஒரு தடவைக்கு 0.0008 டாலர், வருஷா வருஷம் ஏறி 2010-ல் 0.0019 டாலர். துக்கடா காசு மாதிரி தெரியும். பெருக்கிப் பார்ப்போம். எப்பவும் ஆயிரம் பேர் கேட்கிற ஒரு ஸ்டேஷன்னு வெச்சுக்கோங்க. மணிக்கு 15 பாட்டு, 24 மணி நேரம். ஒரு நாளைக்கு 360 பாட்டு, ஆயிரம் பேர், 3,60,000 தடவை. 2006 கட்டணத்துல நாளைக்கு 288 டாலர், வருஷத்துக்கு 1,05,120 டாலர். 2010 கட்டணத்துல நாளைக்கு 684, வருஷத்துக்கு 2,49,660. பத்தாயிரம் பேர் ஆனா இது அப்படியே பத்து மடங்கு. சின்ன ஸ்டேஷன்களுக்கு வருமானத்துல சதவீதம் என்ற தனி ஏற்பாடுகளும், 2009-ல் இணைய வானொலிகளுக்குக் குறைந்த கட்டண உடன்பாடும் வந்தது. ஆனா கணக்கோட வடிவம் மாறலை: ஆள் சேரச் சேர செலவும் ஏறும்.

எஃப்.எம்.-ல ஆள் சேர்ந்தா லாபம். இணையத்துல, ஒவ்வொரு ஆளுக்கும் செலவை விட அதிகமா விளம்பரம் கிடைச்சாதான் லாபம். உள்ளூர் பீட்சா கடைக்காரர் எதுக்கு டோக்கியோவுல கேட்கிறவருக்குக் காசு கொடுக்கப் போறார்?

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடணும். அந்த இணைய ராயல்டியில பாதி ரெக்கார்டு உரிமையாளருக்கு, 45 சதவீதம் பாடின கலைஞருக்கு, 5 சதவீதம் பின்னணி வாசிச்சவங்களுக்கு. அதாவது எஃப்.எம்.-ல வந்தப்போ பாடினதுக்கு ஒரு பைசா பார்க்காத அதே சின்னக் குழு, இணையத்துல காசு பார்த்தது. 97எக்ஸ் யாரை வளர்க்கணும்னு நினைச்சதோ, அவங்களுக்கு நியாயமான சட்டம் 97எக்ஸுக்குப் பாரமா இருந்தது. இதுக்கு எளிமையான தீர்வு எதுவும் எனக்குத் தோணலை.

2006 செப்டம்பர்ல பணம் தீர்ந்து நின்றது. அதே வருஷம் லாலா என்ற இசை நிறுவனம் எடுத்துக்கிட்டது. சிடி மாத்திக்கிற தளமா தொடங்கின கம்பெனி அது. பின்னாடி 2009 கடைசியில அதை ஆப்பிள் வாங்கிடுச்சு. அதுக்குள்ள 97எக்ஸ் இன்னொரு கை மாறி, 2009-ல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினுக்குக் குடிபோச்சு. 2010 மார்ச் 23 அன்று ஒலிபரப்பு நின்றது. அதுக்கப்புறம் திரும்பலை.

நான் ஏன் இதைப் பிடிச்சுட்டு இருக்கேன்

கொஞ்சம் சொந்தக் கதை. முன்னாடி ஒரு கம்பெனியில, ஒரு ஆப்புக்குப் பரிந்துரை செய்யற பகுதியில கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். அடுத்து எதைக் காட்டணும்னு முடிவு பண்ற கோட். நான் ஒரு மாற்றம் எழுதினேன்: பத்துல ரெண்டு இடம் பயனருக்குப் புதுசா, அவர் இதுவரை பார்க்காத வகையில இருக்கணும். பாதிப் பேருக்கு மட்டும் போட்டுச் சோதிச்சோம். ரெண்டு வாரம். ரிசல்ட் தெளிவா வந்தது. புதுசு காட்டின இடத்துல ஆட்கள் தாண்டிப் போறது அதிகம். மாற்றத்தை எடுத்துட்டோம். எடுத்தவனும் நான்தான். அன்னைக்கு எனக்கு வருத்தம்கூட இல்லை. டேட்டா சொல்லுது, அவ்வளவுதான்னு போயிட்டேன்.

97எக்ஸ் கதையைப் படிச்சப்போதான் உறைச்சது. நான் ரெண்டு வாரம் அளந்தேன். அந்த ரெண்டு வாரத்துல 'தாண்டிப் போனாரா' என்பதை மட்டும் அளந்தேன். புதுசா ஒண்ணைப் பார்த்தவர் மூணு மாசம் கழிச்சு அதைத் தேடி வந்தாரா, நண்பருக்குச் சொன்னாரா, எதையுமே நான் அளக்கலை. போன்ல ஏழு விநாடி போட்டு "தெரியுமா?"ன்னு கேட்டவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என்கிட்ட கிராஃப் அழகா இருந்தது, அவ்வளவுதான்.

அதுக்காக டேட்டா பார்க்காதீங்கன்னு சொல்ல வரலை. 97எக்ஸும் விளம்பரத்துல ஓடின கமர்ஷியல் ஸ்டேஷன்தான். கணக்குப் பார்க்காம இருபது வருஷம் தாக்குப் பிடிச்சிருக்க முடியாது. ஆனா அங்கே ஒரு மனுஷர், "இது உங்களுக்குத் தெரியாது, இருந்தாலும் ஒரு தடவை கேளுங்க"ன்னு தன் பெயரைச் சொல்லிப் பேசினார். பாட்டு மொக்கைன்னா திட்டு அவருக்கு. அவரை நம்பினவங்க அடுத்த பாட்டு வரை காத்திருந்தாங்க. அந்த நம்பிக்கை ஒரு நாள்ல வராது. ரெண்டு வாரச் சோதனையில தெரியவும் தெரியாது.

ரேடியோவுல பழைய பழக்கம் ஒண்ணு உண்டு. புதுப் பாட்டைத் தனியா விட மாட்டாங்க. நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பாட்டுக்கு நடுவுல வெப்பாங்க. நான் இந்த பாட்காஸ்ட்டுக்கு அதைத்தான் எடுத்துக்கிட்டேன். என் டேஷ்போர்டு ஒவ்வொரு வாரமும் சொல்றது, தெரிஞ்ச சினிமா விஷயம் பேசினா கேட்கிறவங்க அதிகம், இந்த மாதிரி எபிசோடுக்குப் பாதியிலயே விட்டுட்டுப் போறவங்க அதிகம்னு. பரவாயில்லை. மூணுல ஒண்ணு இப்படித்தான் இருக்கும். 'ரெயின் மேன்'ல தொடங்கினதே அதுக்காகத்தான், இப்போ உண்மையைச் சொல்லிட்டேன்.

இவ்வளவு தூரம் கேட்டவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் யாராவது ஒரு நண்பருக்கு ஒரு பாட்டு அனுப்புங்க. அவருக்குத் தெரியாத பாட்டா இருக்கட்டும். வெறும் லிங்க் அனுப்பாதீங்க, அதை யாரும் திறக்க மாட்டாங்க. ஏன் அனுப்புறீங்க, எந்த இடத்துல கவனிக்கணும்னு ரெண்டு வரி நீங்களே டைப் பண்ணுங்க, இல்லைன்னா ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. பிடிக்கலைன்னு பதில் வந்தா, அடுத்த வாரம் இன்னொண்ணு அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.